போய்வரும் தூரம்

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டில் ஏறக்குறைய 184 கிலோமீட்டர். விமானிகளின் கணக்கில் 99 கடல்மைல். இந்தத் தடத்தில் பறப்பது ஏடிஆர் எனப்படும் சிறிய விமானம், இறக்கைகளில் விசிறி சுழலுமே, அது. மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் போகக்கூடியது. பள்ளிக்கூடத்து வகுத்தல் கணக்குப்படி 22 நிமிடத்தில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அட்டவணையோ சுமார் ஒரு மணி நேரம் என்கிறது.

மீதி நேரம் எங்கே போகிறது என்று விசாரித்தபோது ஒரு சொல் கிடைத்தது. நிற்கும் விமானம் உருளாமல் இருக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பார்கள். அந்தக் கட்டையை எடுத்ததிலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் மறுபடி கட்டை வைக்கும்வரையான நேரம்தான் 'பிளாக் டைம்'. ஓடுபாதைவரை ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, மெல்ல மேலேறுவது, காற்றின் திசை பார்த்துச் சுற்றி வந்து இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். முழு வேகத்தில் பறப்பது நடுவில் கொஞ்ச நேரம்தான். வரைபடத்தில் உள்ள கோட்டையும் பயணத்தையும் ஒன்றென்று நினைக்காத இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. தமிழிலும் பழைய அளவைகள் இப்படித்தான். நாழிகைவழி என்றால் ஒரு நாழிகை நேரம் நடந்தால் கடக்கும் தொலைவு. கூப்பிடு தூரம் என்றால் கூப்பிட ஒருத்தியும் அதைக் கேட்க ஒருத்தியும் இருந்தாக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஊரிலும் கடிகாரம் ஒரே நேரத்தைக் காட்டுகிறது; 2006 ஏப்ரலிலிருந்துதான் அப்படி. அதற்கு முந்தைய பத்தாண்டு இலங்கை அரசு தன் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்திருந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்தவர்கள் அரை மணி நேரத்தையும் சேர்த்துக் கடந்தார்கள். நேரம்கூட யாரோ வைத்ததுதான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

என் கேள்வி அந்தக் கட்டையைப் பற்றியது. ஒரு பயணம் எங்கே தொடங்குகிறது என்று யார் தீர்மானிப்பது? சக்கரத்தடியிலிருந்து கட்டையை எடுத்ததும் நேரத்தை எண்ணத் தொடங்குகிறது விமான நிறுவனம். ஒரு பெண்ணுக்கு அதற்கு முன்னாலேயே எத்தனையோ இடங்களில் கட்டை வைத்திருக்கிறார்கள். அவற்றையும் எண்ணினால் இந்த 184 கிலோமீட்டர் எவ்வளவு நீளும்?

திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இண்டிகோ நிறுவனம் விமானம் விடத் தொடங்கியது 2025 மார்ச் 30இல். அதற்கு முன்பு கொழும்புக்குப் போய், அங்கிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வடக்கே இரவுப் பேருந்திலோ ரயிலிலோ வர வேண்டும். இல்லாவிட்டால் சென்னைக்குப் போய் அங்கிருந்து பறக்க வேண்டும். அந்தத் தடமும் 2019 நவம்பரில் தொடங்கி, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில்தான் மறுபடி வந்தது. நாகப்பட்டினம், காங்கேசன்துறைக் கப்பலும் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, பிறகு திரும்ப ஓடியது. பூமி நகரவில்லை, ஆனாலும் இரண்டு நாள் பயணம் ஒரு மணி நேரமாகச் சுருங்கியது.

இதைப் புதுமை என்றும் சொல்ல முடியாது. பலாலி ஓடுதளம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படைக்காகப் போடப்பட்டது. ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் 1947 டிசம்பர் 10 அன்று கொழும்பின் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, யாழ்ப்பாணத்தில் இறங்கி, சென்னைக்கு வந்தது. அந்த டகோட்டா விமானத்துக்கு வைத்த பெயர் 'சீதாதேவி'. அவர்களிடம் இருந்த இன்னொன்றின் பெயர் 'விகாரமகாதேவி'. பெயர் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்தார்களா என்று எனக்கு அடிக்கடி சந்தேகம் வரும். சீதை இந்தக் கடலை இரண்டு முறை வான்வழியே கடந்தாள். இரண்டு முறையும் போக வேண்டும் என்று முடிவு செய்தது அவள் இல்லை. கம்பனில் இராவணன் அவளைத் தொடாமல் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துக்கொண்டு போகிறான். திரும்பும்போது புஷ்பக விமானம். அதில் ஏறுவதற்கு முன்னால் நெருப்பில் இறங்கிக் காட்ட வேண்டியிருந்தது. விகாரமகாதேவியையோ தகப்பன் செய்த குற்றத்துக்குப் பரிகாரமாகப் படகில் வைத்துக் கடலில் தள்ளிவிட்டார்கள் என்று மகாவம்சக் கதை சொல்கிறது. கடத்தப்பட்டவள் பெயரையும் பலியாக அனுப்பப்பட்டவள் பெயரையும் எழுதிய விமானங்களில் கோட்டும் தொப்பியும் அணிந்த கனவான்கள் ஏறி இறங்கியிருப்பார்கள்.

பெண்ணும் கடலும் என்றாலே தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குத் தொல்காப்பிய அகத்திணையியல் நினைவுக்கு வரும். கடல் கடந்து போகும்போது பெண்ணை உடன் கூட்டிச் செல்லும் வழக்கம் இல்லை என்று அங்கே ஒரு நூற்பா உண்டு. அதற்குப் பொருள் கொள்வதில் உரையாசிரியர்களுக்குள் வேறுபாடு இருக்கிறது. ஆனால் கரையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தலைவி நம் கவிதைக்குள் நிலைத்துவிட்டாள். போகிறவனின் தூரம் பாலையில் கிளைவழிகளாகவும் கள்வர்களாகவும் காய்ந்த மரங்களாகவும் விரிந்துகொண்டே போகிறது. இருக்கிறவளின் தூரத்தைச் சொல்ல நாள் குறித்த சுவர்க்கோடும் கழன்று விழும் வளையும் போதுமாகிவிட்டன. நானும் இளவயதில் அப்படிப்பட்ட கவிதைகளை எழுதிக் குவித்தவள்தான்.

மணிமேகலை அந்தக் கரையில் நிற்கவில்லை. உதயகுமாரன் துரத்துகிறான் என்பதால் மணிமேகலா தெய்வம் அவளை உறக்கத்திலேயே தூக்கிக்கொண்டு புகாருக்குத் தெற்கே முப்பது யோசனைத் தொலைவில் இருந்த மணிபல்லவத்தில் விடுகிறது. அந்தத் தீவு யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள நயினாதீவுதான் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. முதல் பயணம் அவள் சம்மதம் கேட்டு நடந்ததில்லை. ஆனால் தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்கள் தருகிறது: வேற்றுருக் கொள்ள, வான்வழி பறக்க, பசி தாங்க. அதன் பிறகு அவள் தானாகவே போகிறாள், வருகிறாள். சாவக நாட்டு அரசன் புண்ணியராசனும் அவளும் மணிபல்லவம் போகும்போது அரசன் கப்பலில் வருகிறான். அவள் வானத்தில் போகிறாள். சாத்தனார் இதை ஏதோ அன்றாடச் செய்திபோலச் சொல்லிவிட்டுப் போய்விடுவது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கும். வகுப்பில் இந்தப் பகுதியை நடத்தும்போது, "பறப்பதற்கு மட்டும் ஒரு மந்திரம் போதாதா? வேற்றுருவும் பசியும் எதற்கு?" என்று மாணவிகளைக் கேட்பேன். பையன்கள் யோசிப்பார்கள். பெண்கள் உடனே சொல்லிவிடுவார்கள். தனியாகப் போகிற பெண்ணுக்கு ஆள் மாறவும் தெரிய வேண்டும், சாப்பிடாமல் இருக்கவும் தெரிய வேண்டும்.

இந்த நூற்றாண்டில் பறக்கும் மந்திரம் காகிதத்தில் இருக்கிறது. அதைக் கொடுக்கிறவர்கள் பெண்ணின் உடம்பை அளந்து பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். பத்தாம் வகுப்பு முடிக்காத இந்தியப் பெண் வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போக வேண்டுமென்றால் 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதே வயது ஆணுக்கு அப்படி ஒரு தடை கிடையாது. இலங்கையில் 2013இல் கொண்டுவந்த குடும்பப் பின்னணி அறிக்கை விதிப்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போக முடியாது. 2022இல் அந்த வயதைக் குறைத்தார்கள். திருச்சி விமான நிலையத்தில் வளைகுடா விமானத்துக்கு வரிசையில் நிற்கும் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கணக்குதான் நினைவுக்கு வருகிறது. அந்தத் தூரத்தைப் பிள்ளையின் வயதைக் கொண்டு அளக்கிறது அரசு.

வீடும் ஓர் அரசுதான். ஆண் செருப்பை மாட்டினால் "எங்க போறே?" என்று கேட்பார்கள். பெண் மாட்டினால் "எப்ப வருவே?" என்பார்கள். அவன் தூரத்துக்குப் போகிறான், அவள் நேரத்துக்குப் போகிறாள். யாழ்ப்பாணத்தில் மணிமேகலை பற்றிய கருத்தரங்கு ஒன்றுக்கு அழைப்பு வந்தபோது என் மாமியார் கேட்டதும் அதுதான். "கோயம்புத்தூர் போறதவிட கம்மி நேரம்தான் அத்தை, ஒரு மணி நேரம்" என்றேன். வெளிநாடு, கடல், போர் நடந்த மண் எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிட்டன. "அப்ப சரி, வெள்ளிக்கிழமை விளக்கேத்த வந்துரு" என்றார். இருபது வருடமாகச் சம்பாதிக்கிற, முனைவர் பட்டம் வாங்கிய, இரண்டு கவிதைத் தொகுப்பு போட்ட பெண் ஒரு நாட்டைவிட்டு இன்னொரு நாட்டுக்குப் போக, அந்த நாடு பக்கத்தில்தான் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இலண்டனில் கருத்தரங்கு என்றால் என்ன சொல்லியிருப்பேன்? தூரமாக இருந்தாலும் போகிறேன் என்று சொல்ல நம் வீடுகளில் இன்னும் வாக்கியம் இல்லை.

அந்தக் கருத்தரங்குக்குக் கட்டுரை அனுப்பியவர்களில் என் மாணவி ஒருத்தியும் இருந்தாள். முதுகலை இரண்டாம் ஆண்டு. அவள் இருப்பது கொட்டப்பட்டு முகாமில். திருச்சிக்காரர்களுக்குத் தெரியும், அது விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2021இல் அரசு இலங்கைத் தமிழர் முகாம்களை 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. அவள் பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். யாழ்ப்பாண விமானம் மேலேறுவதை அவள் வீட்டு வாசலிலிருந்தே பார்க்கலாம். மணிபல்லவத்தைப் பற்றிய அவள் கட்டுரை தேர்வாகிவிட்டது. நல்ல கட்டுரை. பாத்திரத்தை விட்டுவிட்டு, ஆளில்லாத தீவில் கண்விழிக்கும் ஒரு பெண்ணின் முதல் சில நொடிகளை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதியிருந்தாள்.

"நான் போக முடியாதும்மா" என்று வந்து சொன்னாள். நான் விதிகளைத் தேடிப் படித்தேன். போகலாம். முகாம் பதிவை ஒப்படைத்துவிட்டு, வெளியேறும் அனுமதி வாங்கிக்கொண்டு போகலாம். அதற்குப் பெயர் தாயகம் திரும்புதல். கருத்தரங்குக்குப் போய் மூன்றாம் நாள் திரும்பி வந்து தேர்வு எழுதுவது என்ற வகை அந்தப் படிவங்களில் இல்லை. 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு ஓர் ஆணை போட்டது. 2015 ஜனவரி 9க்கு முன்பு வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் இங்கே இருப்பதற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்றது. நல்லதுதான். இருப்பது குற்றமில்லை என்று ஆகிவிட்டது. போய்வர ஏடு வரவில்லை. போனால் அங்கே எப்படி வரவேற்பார்கள் என்ற பயமும் இருக்கிறது. அதே ஆண்டு மே மாத இறுதியில், ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு தமிழ்நாட்டிலிருந்து திரும்பிய முதியவர் ஒருவரைப் பலாலியில் இறங்கியவுடன் கைது செய்தார்கள். எப்போதோ உயிர் தப்பிப் படகில் போனாரே, அது சட்டவிரோத வெளியேற்றமாம். பலத்த எதிர்ப்பு எழுந்தது. ஆனால் அந்தச் செய்தி முகாம்களில் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

என்னிடம் வீடு "எப்ப வருவே?" என்று கேட்கிறது. அவளிடம் அரசு, வராமல் இருந்தால் போகலாம் என்கிறது. ஒரே விமானம், ஒரே 184 கிலோமீட்டர். கணிதத்தில் இங்கிருந்து அங்கேயும் அங்கிருந்து இங்கேயும் தூரம் ஒன்றுதான். அவளுக்குப் போகும் தூரத்துக்கு ஒரு அளவு இருக்கிறது, திரும்பும் தூரத்துக்கு அளவே கிடையாது.

அவளுடைய அம்மம்மாவைப் பார்க்க ஒரு நாள் போயிருந்தேன். மன்னார்க்காரர். பேசாலையிலிருந்து இரவில் படகேறி வந்தவர். தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் தீவு முப்பது கிலோமீட்டர் தொலைவுதான். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டேன். "நேரம் ஆர் பாத்தது? ரெண்டு காப்பும் தாலிக்கொடியும் குடுத்தனாங்கள்" என்றார். படகுக்காரன் மணல் தீடையில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். விடிந்து, வெயிலேறி, யாரோ வந்து ஏற்றிக்கொண்டு போகும்வரை கைக்குழந்தையோடு அங்கேயே இருந்தாராம். பவுனில் தூரம் சொல்லும் பெண்களை நான் அதற்குப் பிறகு நிறையப் பார்த்துவிட்டேன். எந்தத் தூரத்துக்கு எந்த நகை போயிற்று என்று முகாமில் ஒவ்வொருத்தியும் சொல்வாள்.

கருத்தரங்கில் மாணவியின் கட்டுரையை நான்தான் வாசித்தேன். கைதட்டினார்கள். எழுதியவள் ஏன் வரவில்லை என்று யாரோ கேட்க, இன்னொருவர், "இருந்தால் என்ன, பக்கத்தில்தானே, அடுத்த முறை வரட்டும்" என்றார். தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்தவர்தான் அவர். நிறைவு நாளில் அவரே தொப்புள்கொடி உறவு என்று பேசினார்.

இந்தத் தொப்புள்கொடியைப் பற்றி ஒரு பெண்ணாக எனக்குச் சொல்ல இருக்கிறது. பிறந்த உடனே அறுக்கப்படுவது அது.  பிள்ளை பெற்ற யாரும் மேடையில் அதை இவ்வளவு லேசாகச் சொல்லிவிட மாட்டார்கள். இந்த உவமையில் தாய் யார், பிள்ளை யார்? நாம் தாய் என்றால், தஞ்சம் தேடி வந்த பிள்ளையை நாற்பது வருடமாக முகாமில் வைத்து ஆள் சரிபார்க்கும் தாய் எப்படிப்பட்டவள்? அங்கே என் தோழி, கவிஞர், பக்கத்து நாற்காலியில் இருந்தார். அவர் மெதுவாகச் சொன்னார்: "கிட்ட கிட்ட எண்டு சொல்லுறியள் அக்கா. கிட்ட இருக்கிறதாலதான் உங்கட இழுவைப்படகு எங்கட கடலை வழிச்சுத் துடைக்குது." தமிழ்நாட்டு இழுவைமடிப் படகுகள் இரவில் எல்லை தாண்டி வந்து வலைகளை அறுத்துப் போவதால் கடனில் மூழ்கும் வடமாகாணத்து மீனவக் குடும்பங்களை, அங்கே கருவாடு காயவைத்தும் மீன் விற்றும் வீடு நடத்தும் பெண்களை, நம் மேடைகளில் யாரும் பேசுவதில்லை. இலங்கைக் கடற்படை நம் மீனவர்களைச் செய்யும் கொடுமையைப் பேச வேண்டியதும் அவசியம்தான். அதைப் பேசிவிட்டோம் என்பதால் இதைப் பேசாமல் இருந்துவிடுகிறோம். அன்பை எளிதாக்குவதைப் போலவே சூறையாடுவதையும் எளிதாக்கிவிடுகிறது அண்மை. பெண்களுக்கு இது புதிதில்லை, அதிகம் அடிப்பவர்கள் பக்கத்தில் இருப்பவர்கள்தான்.

தோழியின் பெரியம்மா சுன்னாகம் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறார். மயிலிட்டிக்காரர். 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து சனங்கள் வெளியேறியபோது அவர் சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டு, பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். பலாலி விமானத் தளத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஏக்கர் உயர் பாதுகாப்பு வலயமானது. போர் முடிந்த பிறகு துண்டு துண்டாக விடுவித்தார்கள். மயிலிட்டித் துறைமுகமே 2017 ஜூலையில்தான் மக்களிடம் வந்தது. அவருடைய காணி இன்னும் வரவில்லை. சுன்னாகத்திலிருந்து மயிலிட்டி பத்துக் கிலோமீட்டர் சுற்றளவுக்குள்தான். முப்பத்தைந்து வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறார்.

"டிக்கெட் வைச்சிருக்கிற சனத்துக்கு அந்தப் பக்கத்துப் பாதை திறந்துதானே பிள்ளை இருக்கு. நான் உறுதியெல்லோ வைச்சிருக்கிறன்" என்று அலுமாரியிலிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிய காணி உறுதியை எடுத்துக் காட்டினார். அது அவருடைய சீதனக் காணி. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில் சீதனமாகத் தந்த வீடும் நிலமும் பெண்ணின் பெயரில் இருக்கும். தாயிடமிருந்து மகளுக்குப் போகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மணமான பெண் தன் நிலத்தை விற்கவோ கைமாற்றவோ கணவனின் சம்மதம் வேண்டும் என்கிறது அதே சட்டம். கணவன் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால் நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி கேட்க வேண்டும். ஆக வலயத்துக்குள் மாட்டிக்கொண்ட நிலங்களில் பெரும் பங்கு பெண்கள் பெயரில் இருக்கும் நிலம், மகள்களுக்குப் போயிருக்க வேண்டிய நிலம். பெரியம்மாவுக்கு இரண்டு மகள்கள். சீதனம் கொடுக்க நிலம் இல்லாமல் மூத்தவளின் கல்யாணம் எத்தனை முறை தட்டிப்போனது என்று அவர் சொன்னதை நான் இங்கே எழுதவில்லை. அந்த மகள் இதைப் படிக்கக்கூடும்.

கம்பனின் சீதையை நிலத்தோடு பெயர்த்தார்கள். இவர்களிடமிருந்து நிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அப்படியானால் அந்த ஓடுதளத்தில் இறங்கலாமா? இது என் தோழிகளுக்குள் உண்மையாகவே நடந்த சண்டை. பறித்த காணியில் உருளும் சக்கரத்தில் ஏற மாட்டேன், கப்பலில் போவேன் அல்லது போகவே மாட்டேன் என்று ஒருத்தி சொன்னாள். அவள் வாதத்தை நான் மதிக்கிறேன். ஓடுதளத்தை நீட்ட வேண்டும், பெரிய விமானம் வர வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், யாருடைய காணியில் நீட்டுவது என்று கேட்க அவளைப் போன்றவர்கள்தான் இருக்கிறார்கள். பயணிகள் எண்ணிக்கை கூடக்கூட, நீட்டுவதற்கான நியாயமும் கூடும். பயணச்சீட்டு வாங்கும் நான் அந்த எண்ணிக்கையில் ஒன்று.

ஆனாலும் நான் அவள் பக்கம் நிற்கவில்லை. யாழ்ப்பாணம் தனித்துக் கிடந்த காலம் யாரை வதைத்தது? பாதை மூடப்பட்டபோது மருந்தும் மா மூட்டையும் கிடைக்காமல் வரிசையில் நின்றவர்கள் பெண்கள். இன்று அந்த விமானத்தில் சிகிச்சைக்காக வருகிறவர்கள் இருக்கிறார்கள். வேறு நாட்டிலிருந்து திருச்சிக்கு வரும் மகளைப் பார்க்க வரும் தாய் இருக்கிறாள். என் வரிசைக்கு முன்வரிசையில், பிறந்த குழந்தையைப் பார்க்க முதல் முறையாக வானத்தில் ஏறிய ஒரு பாட்டி, விமானம் மேலே ஏறும்வரை பனங்கட்டிப் பொதியை மடியிலிருந்து இறக்கவே இல்லை. வாசலை மூடினால் பெரியம்மாவுக்குக் காணி வந்துவிடாது. இன்னும் இரண்டு பெண்களுக்கு வழி அடைபடும், அவ்வளவுதான். பறக்காமல் இருப்பதில் எனக்குக் கிடைக்கக்கூடிய தூய்மை உணர்வின் மீதும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. பெண்களுக்கு வீட்டில் இரு என்று சொல்ல உலகம் எப்போதும் ஏதாவது ஓர் உயர்ந்த காரணம் வைத்திருக்கிறது.

எனக்குச் சரியென்று படுவது இதுதான்: போவேன். ஆனால் பக்கம்தானே என்று சொல்ல மாட்டேன். வீட்டில் அனுமதி கேட்கும்போதும் சொல்ல மாட்டேன், மேடையிலும் சொல்ல மாட்டேன். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பவர்களிடம், யாருக்கு என்று திருப்பிக் கேட்பேன். அடுத்த கருத்தரங்கு திருச்சியிலேயே நடக்கட்டும், அங்கிருந்து வரக் கூடியவர்கள் வரட்டும் என்று கருத்தரங்குக்காரர்களுக்கு எழுதியிருக்கிறேன். கொட்டப்பட்டிலிருந்து எங்கள் கல்லூரிக்கு ஒரு நகரப் பேருந்து போதும். மாணவி தன் கட்டுரையைத் தானே வாசிப்பாள். பதில் இன்னும் வரவில்லை. செலவுக் கணக்கு கேட்டிருக்கிறார்கள்.

திரும்பி வரும் நாளில் பெரியம்மா ஒன்று கேட்டுக்கொண்டார். "சன்னல் ஓரமா இருந்து கீழ பாருங்கோ பிள்ளை. கிணத்தடியில ரெண்டு தென்னை நிக்கும், பக்கத்தில கல்லு வீடு." கேட்டு வாங்கிச் சன்னல் ஓரத்தில் உட்கார்ந்தேன். விமானம் மேலெழுந்ததும் பார்த்தேன். பற்றைக்காடு, பனைகள், கூரை இல்லாத வீடுகள் நாலைந்து, அதற்குள் முளைத்துக் கூரைக்கு மேல் வந்துவிட்ட மரங்கள். அரை நிமிடம் இருக்கும். பிறகு கடல். இரவு தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். எந்த வீட்டில் ஜன்னலுக்கு மேலே வளைவு இருந்தது, எத்தனை தென்னை தெரிந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கிணறு தெரியவில்லை என்றேன்.

"அது வடக்குப் பக்கம்" என்றார். "மற்றப் பக்கத்துச் சன்னல்ல இருந்தாத்தான் தெரியும். திரும்ப எப்ப வாறியள்?"